ஒற்றை ஊசியில் சிவப்பு

டேப்பை இப்ப உரிக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் போகட்டும். பெயிண்டைத் தொட்டா விரல்ல பிசுபிசுன்னு படணும், ஆனா விரலோட வரக் கூடாது, அந்தப் பதம் வரணும். ஈரத்துல உரிச்சா சிவப்பு வழிஞ்சு பக்கத்துல இருக்கிற சாம்பலுக்குள்ள போயிடும், முழுசா காஞ்சப்புறம் உரிச்சா கோடு பிஞ்சு பல்லு பல்லா நிக்கும். காத்திருக்கத்தான் வேணும். உள்ள ஞானம் தூங்கறான். கதவு ஒருக்களிச்சிருக்கு, குறட்டை வருது, நடுவுல அது நின்னா எனக்கும் மூச்சு நிக்குது, திரும்ப கர்ர்ருன்னு கிளம்பினதும் சரி தூங்கித் தொலைன்னு தோணுது. சாயங்காலம் எழுந்து காபி கேப்பான், அதுக்குள்ள இது முடியணும். தீப்பெட்டி அளவு அட்டை, இதுக்கு இந்தப் பாடு. ஆளுயர கான்வாஸ்ல தோள் வலிக்க வலிக்க கை வீசி வேலை செஞ்சவ, இப்ப லென்ஸை நெத்தியில மாட்டிக்கிட்டு வாட்ச் ரிப்பேர் கடையில உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கேன். வேணி, உனக்கு எழுபது ஆகப் போகுது, கழுத்து தேய்ஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லியாச்சு, தேவையா இது உனக்கு? தேவைதான். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.

எதிர்ல பெட்டி. நான் ஞானத்தைக் கட்டிக்கிட்டப்போ கல்யாணத்துக்கே வராத எங்க அப்பா, பின்னாடி மனசு மாறி வாங்கிக் குடுத்த டிவி. அந்தக் காலத்து மரப்பெட்டி டிவி, முன்னால ரெண்டு பக்கமும் இழுத்து மூடற ஷட்டர் வச்சது. டிவி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, பெட்டியைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரல. குடலை உருவிட்டு உள்ள தெர்மகோல்ல சுவர் எழுப்பினேன். வரிசையா ஹால், மேல ஒரு மாடி, ஐஸ் குச்சியில படிக்கட்டு, படம் பார்க்க வர்றவங்க உட்கார பெஞ்ச். பெஞ்சுன்னா அழிரப்பர்தான். கூரையில சீரியல் செட்டு பல்பு, அதுக்குக் கீழ டிரேசிங் பேப்பர் ஒட்டியிருக்கேன், வெளிச்சம் குத்தாம பரவலா விழணும்ல. வாசல்ல நகத்தளவுக்கு ஒரு போர்டு: ‘படங்களைத் தொடாதீர்கள்.’ அது ஞானத்தைச் சீண்டறதுக்காகவே வச்சது. எந்த மியூசியத்துக்குப் போனாலும் மூக்கு படற வரைக்கும் கிட்ட போய் நின்னு காவல்காரன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வர்றவன் அவன். ஒரு தடவை அவன் படத்துக்கிட்டயே நின்னு திட்டு வாங்கி வந்து குதிச்சான் பாருங்க, “நான் போட்ட படத்தை நானே தொடக் கூடாதாம்லா!” உள்ள தொங்கறது எல்லாம் எங்க ரெண்டு பேர் படங்களும்தான், பெருசுகளைச் சின்னதா திரும்பப் போட்டது. கட்டம், முக்கோணம், வட்டம், கோடு. எங்க அக்கா வந்து பார்த்துட்டு, “என்னடி, பாத்ரூம் டைல்ஸ் கடை வச்சிருக்கே”ன்னா. அவளுக்கு மூக்கும் முழியும் இருந்தாத்தான் படம். வாழ்க்கை பூரா இதைக் கேட்டாச்சு, இப்ப கோபம்கூட வர்றதில்ல. வருது. கொஞ்சம் வருது.

பெருசுகள் போயிடுச்சு. ஜாபர்கான்பேட்டையில தரைத்தளத்து வீடு, வெள்ளம் வந்த அந்த டிசம்பர்ல ஆத்துத் தண்ணி உள்ள வந்து அத்தனையும் முங்கிப் போச்சு. பரண்ல போட்டதுகூடத் தப்பல. தண்ணி வடிஞ்சப்புறம் ஒண்ணு ஒண்ணா தூக்கி வாசல்ல வெயில்ல சாத்தினோம், வத்தல் காய வைக்கிற மாதிரி. பெயிண்ட் பாளம் பாளமா உதிர்ந்துச்சு. கார்ப்பரேஷன் லாரி வந்து மெத்தை தலகாணியோட சேர்த்து அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்ல, அதுங்கதான் இருந்துச்சு. ஞானம் லாரி திரும்பற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னான், அப்புறம் போய் மிச்சம் இருந்த சேத்தை வழிக்க ஆரம்பிச்சான். அதுக்கு அடுத்து அவன் கண்ணு. கண்ணுல பிரஷராம். வலியே கிடையாதாம், சத்தம் போடாம ஓரத்துலேர்ந்து தின்னுக்கிட்டு வருமாம். பேப்பரைச் சுருட்டி அந்த ஓட்டை வழியா பார்க்கற மாதிரி இருக்குன்னான். என்னைப் பார்த்தா மூக்கு மட்டும் தெரியுதாம், “அதைத் தவிர வேற எதாவது தெரியக் கூடாதா”ன்னு கிண்டல் வேற. பெரிய படத்துக்கு முன்னால நிறுத்தினா ஒரு மூலை தெரியும், அப்புறம் இன்னொரு மூலை, ஆனா எங்க படத்துல மூலையைத் தனியா பார்த்து என்ன பிரயோஜனம், ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தை என்ன செய்யுதுங்கிறதுதானே விஷயமே. அவன் படம் போடறதை நிறுத்திட்டான். ஒரு நாள் அக்கா வீட்டு அலமாரியைக் குடைஞ்சப்போ எங்க பழைய கண்காட்சி அழைப்பிதழ் ஒண்ணு வந்துச்சு, அதுல அவன் படம் கட்டைவிரல் அளவு அச்சாகியிருக்கும். கையில வாங்கினான், கொஞ்சம் தள்ளிப் பிடிச்சான், அப்படியே நின்னுட்டான். “ஏட்டி வேணி, முழுசா தெரியுதுட்டி. நாலு மூலையும் தெரியுது.” மறுநாள்தான் நான் போய், வெள்ளம் வடிஞ்சதும் கழுவிக் காய வச்சிருந்த அந்த டிவி பெட்டியைக் கழட்டினேன். பெரிய படம் எல்லாம் அவன் ஓட்டைக்குள்ள நுழையாது, அதனால ஓட்டைக்குத் தகுந்த மாதிரி படத்தைப் போட்டுட வேண்டியதுதான்னு ஒரு வேகம். இது மியூசியம் இல்ல, அவனுக்குத் தைச்ச சட்டை.

தொட்டுப் பார்க்கலாமா. ம்ஹூம், இன்னும் இல்ல. அவசரப்படாதே. இது கடைசிச் சுவர், கடைசிப் படம். இதைத்தான் இத்தனை நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன், ஏன்னா இது சூளையில நாங்க குடியிருந்தப்போ போட்ட படம். கல்யாணம் ஆன புதுசு, மாடியில ஒத்தை ரூம், கீழ அச்சாபீஸ், மெஷின் ஓடினா தரை அதிரும், அது நிக்கற நேரம் பார்த்து மூச்சைப் பிடிச்சுக் கோடு போடணும். காலேஜ்ல ரெண்டு பேரும் ஒரே கிளாஸ், அதனால அப்பவும் நீ வா போ, இப்பவும் அதான். அவங்க அம்மா பாளையங்கோட்டையிலேர்ந்து வந்தப்போ, “புருஷனைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுதாளே”ன்னு வாயில கை வச்சுக்கிட்டாங்க. கோடு பிசிறாம வர ஒட்டற மாஸ்கிங் டேப் ஏது எங்களுக்கு, மவுண்ட் ரோட்டுப் பக்கம் காருக்கு பெயிண்ட் அடிக்கிற ஷெட்டுல கெஞ்சிக் கூத்தாடி மிச்ச சுருளை வாங்கிட்டு வருவான். அந்த மாசம் ஒரே ஒரு கான்வாஸ்தான் வாங்க முடிஞ்சுது. யாரு போடறதுன்னு சண்டை. கடைசியில ரெண்டு பேரும் போட்டோம். நான் டேப் ஒட்டினேன், அவன் நிரப்பினான். இல்ல, அவன் ஒட்டினான், நான் நிரப்பினேனா? சாம்பல் கலந்தது நான், அது நிச்சயம். சிவப்பு? டியூபை நசுக்கி நசுக்கிக் கடைசியில கத்திரிக்கோலால கிழிச்சு வழிச்சது யாரு? என் கை சிவப்பா இருந்தது ஞாபகம் இருக்கு. அவன் கை சிவப்பா இருந்ததும் ஞாபகம் இருக்கு, அந்தக் கையோட என் கன்னத்தைத் தொட்டு நான் கத்தினதும். கேட்டா நான்தான் போட்டேன்பான். நான்தான்னு நான் சொல்வேன். விஷயம் ரொம்பச் சின்னது. முழுக்க சாம்பல் சதுரம், ஒரு விளிம்புல சிவப்பு முக்கோணம், நடுவுல ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான், அக்காவோட பாஷையில ஒரே ஒரு டைல்ஸ்.

எது மேல, எது கீழ? அதுதான் சண்டை. அவனுக்குச் சிவப்புன்னா கனம், செங்கல், கீழதான் உட்காரணும். எனக்குச் சிவப்பு கனமே கிடையாது. நான் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பிறந்தவ, ராத்திரி ஜன்னலைத் திறந்தா எல்லாத்துக்கும் மேல சிக்னல் சிவப்புதான், இருட்டுல ஒத்தையா, யாரும் பிடிக்காம நிக்கும். அதனால மேல. முதல் நாள் சத்தமா சண்டை போட்டோம், “சிவப்பைத் தலைமேல தூக்கி வச்சிருக்கியேட்டி, விழுந்துரும்லா”ன்னான், அச்சாபீஸ்காரர் மேல வந்து என்னம்மா பிரச்சினைன்னு கேட்டுட்டுப் போனார். அதோட சரி, அப்புறம் அதைப் பத்தி வாயைத் திறந்ததே இல்ல. நான் காய் வாங்கப் போவேன், திரும்பி வந்தா படம் திரும்பியிருக்கும், சிவப்பு கீழ. அவன் ஸ்கூலுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கப் போவான், நான் திருப்பிடுவேன், சிவப்பு மேல. ஒருத்தர் எதிர்ல இன்னொருத்தர் அதைத் தொட்டதில்ல, தொட்டதா ஒத்துக்கிட்டதும் இல்ல. பின்னாடி சட்டத்துல அவன் கட்டின கயிறு ஒரு பக்கம், நான் கட்டின கயிறு எதிர்ப்பக்கம். வீட்டுக்கு வர்றவங்க, போன தடவை வேற படம்ல இருந்துச்சுன்னு கேப்பாங்க, இல்லையே இதேதான்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொல்வோம். சூளை, அயனாவரம், ஜாபர்கான்பேட்டை, எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல ஆணி அடிக்கிறது அதுக்குத்தான். கர்ப்பப்பையை எடுத்துட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தேன், தையல் இழுக்குது, சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல உள்ள வந்து நிமிர்ந்து பார்க்கறேன், சிவப்பு மேல இருக்கு. என் பக்கம். அவனா வச்சிருக்கான். ஐயோ, டாக்டர் இவன்கிட்ட எதையோ சொல்லியிருக்கார், நான் பிழைக்க மாட்டேன் போலிருக்குன்னு அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். தையல் பிரிக்கப் போய்ட்டு வந்தா சிவப்பு கீழ இறங்கியிருந்துச்சு. அப்பாடா, பிழைச்சேன்னு அப்பதான் நம்பினேன்.

இப்ப அந்த பயம்தான் திரும்பி வந்திருக்கு. கொஞ்ச நாளா எதைக் காட்டினாலும் “நல்லா இருக்கு”ங்கிறான். ஞானமாவது நல்லா இருக்குன்னு சொல்றதாவது! மொதல் ஹாலைக் காட்டினப்போ, “அந்த நீலம் அழுக்கா இருக்கு, கண்ணு தெரியாதவன்னு ஏமாத்தப் பாக்கியோ”ன்னு என்னை அழவே வச்சான். திரும்பப் போட்டேன் அந்த நீலத்தை. மாடி ஹாலுக்கு வந்தப்போ, “நல்லா இருக்கு.” புடவையைக் காட்டினா, நல்லா இருக்கு. போன வாரம் மேல் வீட்டு ஃபர்ஸானாவோட பொண்ணு படம் வரைஞ்சு எடுத்துக்கிட்டு வந்துச்சு, இவன் கையில வாங்கித் திருப்பிப் பிடிச்சிருக்கான், இவன் பக்கம் இருக்கிறது வெறும் வெள்ளைப் பேப்பர், “ரொம்ப நல்லா இருக்கும்மா, கலர் அருமை”ங்கிறான். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச்சு. நான் சிரிச்சு மழுப்பிட்டு பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்னேன். சட்டையை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி போட்டுக்கிட்டு வர்றான், சரி, அது கல்யாணத்தன்னிக்கே அப்படித்தான் வந்தான், அதைக் கணக்குல எடுக்க வேண்டாம். ஆனா பேப்பர்? அந்த ஓட்டையும் மூடிடுச்சா? மூடிடுச்சுன்னா எனக்குத் தெரியக் கூடாதுன்னு நடிக்கிறானா? நான் பாட்டுக்கு ராவும் பகலும் கழுத்து ஒடிய ஒட்டிக்கிட்டிருக்கேனே, பாவம்னு நினைச்சு நல்லா இருக்கு நல்லா இருக்குங்கிறானா? கேட்டுடலாம். கேட்டா சொல்லுவானா? “நல்லா தெரியுதுட்டி”ம்பான். அவன் பார்க்கலேன்னா நான் யாருக்குக் காட்டறது? உலகத்துலயே என் கோட்டைக் கோணல்னு சொன்னவன் அவன் ஒருத்தன்தான், மத்தவங்க எல்லாம் ஸ்கேல் வச்சுப் போட்டீங்களான்னு கேட்டவங்க. அவன் இருட்டுக்குள்ள போயிட்டான்னா நான் மட்டும் இங்க வெளிச்சத்துல உட்கார்ந்துக்கிட்டு என்ன செய்யறது? வேண்டாம். யோசிக்காதே.

அதனாலதான் இன்னிக்கு இந்த வேலை. மத்த படமெல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்கேன், இதை மட்டும் அட்டைக்குப் பின்னால நடுவுல ஒரு குண்டூசி வச்சு தெர்மகோல்ல குத்தப் போறேன், ஒற்றை ஊசியில, எப்படி வேணா சுத்தும். சிவப்பை மேல வச்சா கிழவன் ஊகிச்சுடுவான், வேணி அவ இஷ்டத்துக்குத்தான் வச்சிருப்பான்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவான். கீழ வச்சா அவனுக்காக விட்டுக் குடுத்தேன்னு ஊகிப்பான். ரெண்டும் வேண்டாம். படுக்க வச்சுடறேன். சிவப்பு இடது பக்கம், சூளையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேர்ல யாரும் வைக்காத மாதிரி. கண்ணு இருந்தா இதைப் பார்த்துட்டு சும்மா இருக்க மாட்டான், வீட்டையே ரெண்டாக்குவான். கண்ணு இல்லேன்னா அந்த வார்த்தையைச் சொல்லுவான். சரி, இப்ப தொடு. ஒட்டுது. விரலோட வரல. பிளேடு நுனியால டேப்போட ஓரத்தை நெம்பி, சாய்வா, தனக்குத் தானே மடங்கற மாதிரி, மெதுவா, மூச்சு விடாதே, மெதுவா. வந்துடுச்சு. ஐயோ, என்ன கோடு! கத்தியால வெட்டின மாதிரி நிக்குது. சாம்பல் பக்கத்துல வந்ததும் சிவப்பு எரியுது, அதே எரிச்சல், அந்த ரூம் வாசனை, கீழேர்ந்து வர்ற மை வாசனை, கன்னத்துல பெயிண்ட் ஈரம், இருபத்தஞ்சு வயசு ஞானம் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பின்னால தள்ளி நின்னு தலையைச் சாய்ச்சுப் பார்க்கறான், அவன் கண்ணு அப்ப ரூம் முழுக்கப் பார்க்கும். உள்ள குறட்டை நின்னுடுச்சு. இருமறான். ஊசி எங்க, ஊசி, இந்தா. குத்தியாச்சு. சிவப்பு இடது பக்கம்.

சுவரைத் தடவிக்கிட்டே வந்தான். “காபி போட்டியா வேணி?” போடறேன், மொதல்ல இங்க வா, கடைசி ஹால் முடிஞ்சுதுன்னேன். குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வச்சேன், சீரியல் செட்டைப் போட்டேன், ஷட்டரைத் திறந்தேன். குனிஞ்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டுத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தினான், மொதல் ஹால், படிக்கட்டு, மாடி, திரும்ப இறங்கி, கடைசி ஹால். அங்க வந்து தலை நின்னுச்சு. மஞ்ச வெளிச்சம் அவன் நரைச்ச புருவத்துல விழுது. நான் அவன் கண்ணையே பார்க்கறேன், அதுல ஒண்ணும் தெரியல, ஈரமா இருக்கு, சொட்டு மருந்து விட்டா எப்பவும் ஈரமாத்தான் இருக்கும். சொல்லு ஞானம். திட்டு. என்னட்டி இது கூத்துன்னு கேளு. எந்தக் கிறுக்கி இப்படி மாட்டினான்னு கேளு. ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, “நல்லா இருக்கு”ன்னான்.

காபி எடுத்துக்கிட்டு வரேன்னு சமையல்கட்டுக்குள்ள வந்துட்டேன். பாலை அடுப்புல வச்சேன். டிகாஷன் இருக்கு, காலையில போட்டது. டபராவைக் கழுவினேன், கழுவினதையே திரும்பக் கழுவினேன். அவ்வளவுதான், தெரிஞ்சுடுச்சு, தெரியணும்னுதானே செஞ்சே, அனுபவி. மேல் வீட்டுல மிக்ஸி ஓடுது. மூஞ்சியைக் காட்டிக்கக் கூடாது, அவன் நடிக்கிறான்ல, நானும் நடிச்சுட்டுப் போறேன், அவனுக்குத்தான் மூஞ்சி தெரியப் போறதில்லையே, குரலை மட்டும் பார்த்துக்கிட்டா போதும். இதை நினைச்சதும்தான் அழுகை பொங்கிடுச்சு. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டேன். அந்த நீலத்தை அழுக்குன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் பேசாம இருந்தேனே, இப்ப யாராவது அழுக்குன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருக்கு. பால் பொங்கி அடுப்புல வழிஞ்சு கருகற வாசனை வந்துச்சு. “ஏட்டி, பால்!”னு உள்ளேர்ந்து கத்தினான், மூக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது. அணைச்சேன். மிச்சப் பால் ஒரு காபிக்குத்தான் வந்துச்சு.

டம்ளரோட வந்தேன். முக்காலியில இல்ல அவன், நாற்காலிக்குப் போயிட்டான், கையைக் கட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கான், நல்ல பிள்ளையாட்டம். கையில டம்ளரைக் குடுத்துட்டு, பெட்டி லைட்டை அணைக்கலாம்னு குனிஞ்சேன். கடைசி ஹால்ல பெஞ்ச் கவிழ்ந்து கிடக்கு. தடி விரல் உள்ள போனா கவிழாம என்ன செய்யும். அந்த ஹால் சுவரைப் பார்த்தேன். சிவப்பு கீழ இருந்துச்சு. கோணல்கூட இல்ல, கறுப்புக் கோடு தரைக்கு நேரா நிக்குது, ஒரு மயிரிழை சாயல. அடப்பாவி. திருட்டுக் கிழவா. நான் வெளிய போற வரைக்கும் காத்திருந்தியா? எப்பவுமே அப்படித்தானே செய்வான், என் எதிர்ல அதை என்னிக்குத் தொட்டான், எனக்கு ஏன் புத்தி போகல? என் பக்கம் வச்சிருந்தான்னா நான் இன்னிக்குச் செத்திருப்பேன். கீழ வச்சிருக்கான், அவன் இஷ்டத்துக்கு, அவன் செங்கல்லை, பிடிவாதமா. முக்காலியில உட்கார்ந்துட்டேன். அவனை அறையணும் போல இருக்கு, அந்த நரைச்ச புருவத்துல முத்தம் குடுக்கணும் போல இருக்கு.

“பெஞ்ச் எப்படிக் கவிழ்ந்துச்சு?”ன்னு கேட்டேன்.

“எந்த பெஞ்சு? எனக்குத்தான் கண்ணு தெரியாதே”ன்னு காபியை உறிஞ்சினான்.

“அப்ப அன்னிக்கு ஃபர்ஸானா பொண்ணு குடுத்த வெள்ளைப் பேப்பரைப் பார்த்து எதுக்கு நல்லா இருக்குன்னே?”

“பேப்பரை யாரு பாத்தா? நான் அந்தப் புள்ள மூஞ்சியைப் பாத்துக்கிட்டுல்லா இருந்தேன். இத்தனூண்டு ஓட்டைக்குள்ள ரெண்டையுமா பாக்க முடியும்?” டம்ளரைக் கீழ வச்சான். “காபியில கருகல் வாசனை அடிக்குதுட்டி. பாத்து வையேன்.”

ஓட்டை சின்னதாகிக்கிட்டுத்தான் வருது, டாக்டர் சொல்லிட்டார், அதை யாரும் மாத்த முடியாது. தெரியும் எனக்கு. அவன் எழுந்து, சுவரைத் தடவிக்கிட்டு, எப்பவும் இடிச்சுக்கிற இடத்துல தோளை இடிச்சுக்கிட்டு, பாத்ரூமுக்குப் போனான். கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. நான் கவிழ்ந்த பெஞ்சை நிமிர்த்தி வச்சேன். குழாயில தண்ணி விழற சத்தம் வர்ற வரைக்கும் அசையாம உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சுண்டு விரலை உள்ள விட்டு சிவப்பை மேல ஏத்தினேன்.